களஞ்சியக் கலப்பும் பழிசுமத்தும் மரபும்

லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் மத்தியில் ஏறத்தாழ வேதவாக்கின் தகுதியைப் பெற்றுவிட்ட விதியொன்று உண்டு. வெவ்வேறு களஞ்சியங்களிலிருந்து பெற்ற மென்பொருட் பொதிகளை ஒரே கணினியிற் கலக்கலாகாது என்பதே அது. டெபியன் வழங்கலைச் சார்ந்தோர் அத்தகைய கலப்பினாற் பழுதுற்ற கணினிக்கு ஒரு பெயரும் சூட்டியுள்ளனர். பிணங்களின் உறுப்புகளை இணைத்து ஆக்கப்பட்ட பிராங்கென்ஸ்ரைன் கதையின் விகாரப் பிறவியை நினைவூட்டும் வகையில் அதனைப் ‘பிராங்கென்டெபியன்’ என்பர். பெயர் நயமானதே. ஆனால் அக்கதையை நன்கு அறிந்தோர் ஒன்றை மறக்கமாட்டார்கள்: பிராங்கென்ஸ்ரைன் என்பது விகாரப் பிறவியின் பெயரன்று, அதனை ஆக்கியவனின் பெயர். ஆக்கியவன் யார் என்ற வினாவையே இவ்விதியைப் போதிப்போர் எழுப்ப விரும்புவதில்லை. கணினி பழுதுற்றது, ஆகவே பயனர் எதையோ கலந்திருக்கவேண்டும், கலந்தவர் அவரே ஆதலால் குற்றவாளியும் அவரே. இவ்வளவில் விசாரணை முடிந்துவிடுகின்றது.

இத்தீர்ப்பு அநீதியானது என்பதை நிறுவுமுன்னர் விதிக்குரிய நியாயத்தை ஒப்புக்கொள்வதே முறை. 1993ஆம் ஆண்டில் இயன் மேர்டொக் டெபியனைத் தொடங்கிய காலத்தில் வழங்கல் என்பது நிரல்களின் தொகுப்பு என்ற அளவிலேயே பலராலும் விளங்கிக்கொள்ளப்பட்டிருந்தது. இன்று அது தொகுப்பு மட்டுமன்று, ஓர் உடன்பாடுமாகும். ஒரு வெளியீட்டிலுள்ள பல்லாயிரம் பொதிகளும் ஒரே அடிப்படை நூலகங்களைப் பொதுவிற் பயன்படுத்துகின்றன. ‘ஜிலிப்சி’ எனப்படும் சி மொழி நூலகம் இல்லாமல் கணினியில் ஏறத்தாழ எந்த நிரலும் இயங்காது. புதிய வெளியீட்டிற்கெனத் தொகுக்கப்பட்ட பொதி அந்நூலகத்தின் புதிய பதிப்பைக் கோரும். அதனை நிறைவுசெய்ய முயலும் கருவி நூலகத்தை மாற்றும். நூலகம் மாறவே அதனோடு பிணைந்த பிறவும் மாறவேண்டிய நிலை எழும். சிறிய உரைதிருத்தி ஒன்றின் பொருட்டுத் தொடங்கிய காரியம் இயங்குதளத்தின் பாதியை இடம்பெயர்ப்பதில் முடிவதுண்டு.

இதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்றுண்டு. 32-பிற் கணினிகளில் நேரத்தைக் கணிக்கும் எண் 2038ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் தன் எல்லையைக் கடந்துவிடும் என்பது நீண்டகாலமாக அறியப்பட்ட குறைபாடு. அதனைக் களைவதற்காக டெபியன் 2024இல் பெருந்தொகையான நூலகப் பொதிகளை மீளத் தொகுத்து, மாற்றத்தை உணர்த்தும் விகுதியொன்றை அவற்றின் பெயர்களுடன் சேர்த்தது. இதன் பயனாக, 12ஆம் வெளியீட்டை நிறுவிய ஒருவர் 13ஆம் வெளியீட்டிற்குரிய பொதியொன்றை இழுத்துவர முயன்றால், அப்பொதி கோரும் நூலகங்கள் பலவற்றின் பெயர்கள்கூடத் தமது களஞ்சியத்தில் இல்லாதிருக்கக் காண்பார். கலப்பு இங்கு பிழைத்தமைக்குப் பயனரின் அவசரத்தைக் காரணமாகக் கூறலாம். இவ்வளவும் மறுப்பதற்கில்லை.

மறுக்கவேண்டியது வேறொன்று. கலப்பு என்பது அறியாமையுடைய பயனரின் செயல் என்ற கற்பிதமே அது. கடந்த சில ஆண்டுகளின் நிகழ்ச்சிகளை நோக்குமிடத்து, கலப்பை முன்னின்று நடத்தியோர் வழங்கல்களை நடத்துவோரும் பெரும் நிறுவனங்களுமே என்பது தெளிவாகும்.

2021 பெப்ரவரியில் றாஸ்பெரி பை கணினிகளின் இயங்குதளத்தில் நிகழ்ந்ததைக் காண்க. விலை குறைந்த இச்சிறு கணினிகள் பாடசாலைகளிலும் வீடுகளிலும் பரவலாகப் பயன்படுபவை. வழமையான இற்றைப்படுத்தல் ஒன்றின்போது மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் களஞ்சியமும் அதன் கையொப்பச் சாவியும் அக்கணினிகளிற் சேர்க்கப்பட்டன. விஷுவல் ஸ்ரூடியோ கோட் எனும் நிரலாக்கத் தொகுப்பியை மாணவர் இலகுவாக நிறுவுவதற்கே இவ்வேற்பாடு எனக் கூறப்பட்டது. நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அத்தொகுப்பியை ஒருபோதும் கேட்டிராதவர்களின் கணினிகளிலும், திரையே இணைக்கப்படாது மூலையில் இயங்கும் கணினிகளிலும் அக்களஞ்சியம் முன்னறிவிப்பின்றி இடம்பிடித்தது. அன்று முதல் இற்றைப்படுத்தலுக்கான ஒவ்வொரு கட்டளையும் கேட்கப்படாத ஒரு வாயிலையும் தட்டிவிட்டே திரும்பியது. இதே காரியத்தைப் பயனர் ஒருவர் தம் கையாற் செய்திருப்பின் அவருக்குக் கலப்பின் தீமை பற்றி நீண்ட உபதேசம் கிடைத்திருக்கும்.

கூகிளின் குரோம் உலாவியும் இவ்வழியினதே. அதன் பொதியை ஒருமுறை நிறுவியதும் அந்நிறுவனத்தின் களஞ்சியம் கணினியின் பட்டியலில் தானாகவே எழுதப்பட்டுவிடுகின்றது. உலாவி வேண்டும் என்று கேட்டவர் களஞ்சியமும் வேண்டும் என்று கேட்டாரா? இற்றைப்படுத்தலுக்கு இது வசதியானதென்பர். வசதி உண்மையே, அனுமதி என்பது அதனினும் வேறான விடயம்.

உபுண்டு இன்னுமொரு படி முன்சென்றது. 2019 ஒக்ரோபரில் வெளிவந்த அதன் வெளியீட்டிலிருந்து குரோமியம் உலாவியின் பொதி வெறும் ஓடாக்கப்பட்டது. பயனர் வழமையான கட்டளையைக் கொண்டு அப்பொதியைக் கேட்பார். வந்து சேர்வதோ கனோனிக்கல் நிறுவனத்தின் ஸ்னாப் அங்காடியிலிருந்து இறங்கிய வேறொரு வடிவம். கதவில் ஒரு பெயர்ப்பலகை, உள்ளே வேறொரு கடை. 2020இல் லினக்ஸ் மின்ற் வழங்கலை நடத்துவோர் இதனை வெளிப்படையாகக் கண்டித்துத் தமது 20ஆம் வெளியீட்டில் ஸ்னாப் தானாக உட்புகுவதைத் தடுத்தனர். தூய்மையைப் போதிப்போருள் எத்தனைபேர் அவர்களுக்குத் துணைநின்றனர்?

பழிசுமத்தும் மரபு தன் முழு வடிவில் வெளிப்பட்ட நிகழ்ச்சி 2021 நவம்பரில் இடம்பெற்றது. கனடாவைச் சேர்ந்த பிரபல காணொளித் தயாரிப்பாளர் லைனஸ் செபஸ்தியன் பொப் ஓ.எஸ். எனும் வழங்கலைப் புதிதாக நிறுவி, ஸ்ரீம் எனும் விளையாட்டுத் தளத்தை அதிற் சேர்க்க முயன்றார். வரைகலை முறையில் அது இயலவில்லை. எனவே பலரும் அறிவுரை கூறுவதுபோலக் கட்டளை வரியின் துணையை நாடினார். பொதி மேலாண்மைக் கருவியான அப்ற் நீண்டதோர் எச்சரிக்கையைக் காட்டி, தொடர விரும்பின் ‘ஆம், சொன்னபடி செய்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரைத் தட்டச்சிடுமாறு கேட்டது. அவர் தட்டச்சிட்டார். மேசைத்தளம் முழுவதும் நீக்கப்பட்டு வெறுந்திரை எஞ்சியது.

காணொளி வெளிவந்ததும் எழுந்த நகைப்பு சிறிதன்று. எச்சரிக்கையை வாசிக்காதவருக்கு இதுவே தக்க தண்டனை என்றனர். ஆனால் அவர் எந்த அயற்களஞ்சியத்தையும் சேர்த்திருக்கவில்லை என்பதை நகைத்தோரிற் பலர் எண்ணிப்பார்க்கவில்லை. பொப் ஓ.எஸ். வழங்கல் உபுண்டுவின் களஞ்சியத்தின்மீது தன்னுடைய களஞ்சியத்தை ஏற்றி வைத்திருப்பது. ஸ்ரீம் தளத்திற்கு 32-பிற் நூலகங்களும் வேண்டும். மேலேற்றிய களஞ்சியத்தில் 64-பிற் வடிவம் ஒரு பதிப்பாகவும், அதற்கு ஈடான 32-பிற் வடிவம் கிடைக்காமலும் இருந்த நிலையில் இரண்டும் ஒருங்கே நிற்க இயலவில்லை. ஒன்றைக் கொள்ள மற்றொன்றைத் தள்ளுவதே வழியெனக் கருவி கணித்தது. தள்ளப்பட்டது மேசைத்தளம். அதாவது, கலந்தவர் வழங்கலை நடத்தியோர், கலவையின் நஞ்சை அருந்தியவர் பயனர், குற்றஞ்சாட்டப்பட்டவரும் பயனரே. அப்ற் கருவியை ஆக்குவோர் நகைப்போருடன் சேரவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அதே மாதத்தில் அவர்கள் தம் கருவியைத் திருத்தி, இன்றியமையாப் பொதிகளை அவ்வாறு ஒரு தொடரைத் தட்டச்சிடுவதன் மூலம் நீக்கிவிட இயலாதவாறு செய்தனர். தவறு எங்கிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இனி எதிரணியினரையும் நோக்குதல் வேண்டும். தூய்மைவாதிகளுக்கு எதிரானோர் எல்லாம் பயனரின் நண்பர் என்று கருதுவது பேதைமையாகும். ‘இவ்வொரு வரியைப் பிரதிசெய்து இடுக’ என்ற அறிவுறுத்தலோடு தம் மென்பொருளை வழங்கும் நிறுவனங்கள் பல. அவ்வொரு வரி இணையத்திலிருந்து ஒரு நிரலை இறக்கி, வாசிப்பதற்கு இடமளிக்காது, நிருவாகியின் முழு அதிகாரத்துடன் அதனை இயக்கும். இயங்கும் நிரல் களஞ்சியமொன்றைச் சேர்க்கும், சாவியொன்றைப் பதிக்கும். களஞ்சியத்தைச் சேர்ப்பதென்பது கடையொன்றிற் பொருள் வாங்குவது போன்றதன்று. பொதிகள் தம்முடன் நிறுவற் கட்டளைகளையும் கொண்டுவருகின்றன; அவை கணினியின் அதியுயர் அதிகாரத்துடன் இயங்குகின்றன. ஆகவே ஒரு களஞ்சியத்தைச் சேர்ப்பவர் வீட்டின் திறவுகோலைக் கையளிக்கின்றார், இன்றைக்கு மட்டுமன்றி இனிவரும் ஒவ்வோர் இற்றைப்படுத்தலுக்கும்.

சாவி விடயத்தில் நெடுங்காலம் நிலவிய அசட்டை வியப்பிற்குரியது. முன்னைய முறைப்படி சேர்க்கப்பட்ட எந்தச் சாவியும் கணினியிலுள்ள எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லுபடியாயிற்று. எழுத்துரு ஒன்றை வழங்குவதற்கென ஏற்கப்பட்டவரின் கையொப்பம் இயங்குதளத்தின் கருவைத் தாங்கிய பொதிக்கும் போதுமானதாயிருந்தது. குறித்த சாவி குறித்த களஞ்சியத்திற்கே உரியது எனக் கட்டுப்படுத்தும் முறை பின்னரே வந்தது. பழைய முறைக்குரிய கருவி கைவிடப்படவேண்டியது என அறிவிக்கப்பட்டு, 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல் அறவே நீக்கப்பட்டது. எனினும் பழைய முறையையே போதிக்கும் அறிவுறுத்தல்கள் இன்றும் மறையவில்லை.

திறவுகோலைக் கண்டபடி கையளிப்பதன் விளைவுகள் கற்பனையல்ல. ஆர்ச் வழங்கலின் பயனர்கள் தாமே ஆக்கி இடும் பொதிகளின் களஞ்சியத்தில், பராமரிப்பாளரின்றிக் கைவிடப்பட்டிருந்த ஒரு பொதியை 2018 யூலையில் வேறொருவர் பொறுப்பேற்று அதில் தீநிரலைப் புகுத்தினார். 2025 யூலையில் பிரபல உலாவிகளின் பெயர்களை ஒத்த பெயர்களுடன் இடப்பட்ட பொதிகள் கணினியைத் தொலைவிலிருந்து ஆளும் தீநிரலைக் காவிவந்தமை கண்டறியப்பட்டு அவை அகற்றப்பட்டன. நிறுவனமொன்றின் மேற்பார்வையிலுள்ள ஸ்னாப் அங்காடியிலும் 2018 மே மாதத்தில் விளையாட்டு என்ற போர்வையில் மின்னாணயம் தோண்டும் நிரல் காணப்பட்டது.

இவ்விடத்தில் தூய்மைவாதிகள் தலைநிமிர்ந்து, இதனாலன்றோ ஒரே களஞ்சியத்தில் நிலைத்திருக்குமாறு கூறினோம் என்பர். அவர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய ஆண்டு 2008. டெபியனின் சொந்தப் பராமரிப்பாளர் 2006இல் ஓப்பன் எஸ்.எஸ்.எல். பொதியிற் செய்த சிறு திருத்தமொன்று, மறைகுறிச் சாவிகளை உருவாக்கும் எழுமாற்று எண்ணின் ஊற்றை ஏறத்தாழ வற்றச் செய்துவிட்டது. எஞ்சியது 32,768 என்ற எல்லைக்குட்பட்ட செய்முறை எண் மட்டுமே. 2008 மே மாதம்வரை அது கண்டறியப்படவில்லை. அக்காலத்தில் எந்த அயற்பொதியையும் தீண்டாது வாழ்ந்த தூய கணினிகளே பாதிப்புற்றன. அவற்றில் உருவாக்கிய சாவிகள் யாவும் மீள ஆக்கப்படவேண்டியவையாயின. 2024 மார்ச்சில் எக்ஸ்-செற் எனும் சுருக்கல் மென்பொருளிற் கண்டறியப்பட்ட பின்கதவும் அயற்களஞ்சியத்தின் வழியாக வரவில்லை. டெபியனின் சோதனை நிலைக் களஞ்சியத்திலும் பெடோராவின் முன்னணி நிலைக் களஞ்சியத்திலும் முறையான வாயில் வழியாகவே அது நுழைந்தது. உள்நுழைவதற்கு அரைச் செக்கன் தாமதமாவதை அந்திரஸ் பிறோயின்ட் என்ற பொறியியலாளர் கவனித்தமையால் வெளிப்பட்டது. டெபியனின் நிலையான வெளியீட்டை அது எட்டவில்லை என்பது உண்மை. அவ்வெளியீட்டைக் காத்தது அதன் தூய்மையன்று. தாமதமும் பலரின் பார்வையுமே.

தாமதம் காக்கின்றது என்றால் அதே தாமதம் வருத்தவும் செய்கின்றது. நிலையான வெளியீடு ஏறத்தாழ ஈராண்டுகளுக்கு ஒருமுறை வருவது. அதற்கிடையில் புதிய பதிப்பொன்று தேவைப்படும் பயனர் என்செய்வார்? எக்ஸ்-ஸ்கிறீன்சேவர் எனும் திரைக்காப்பினை ஆக்கிய ஜேமி ஸவின்ஸ்கி, பழம்பதிப்பை இயக்குவோருக்கு எச்சரிக்கை தோன்றுமாறு தம் நிரலில் எழுதியிருந்தார். 2016இல் டெபியன் பயனர்களின் திரைகளில் அவ்வெச்சரிக்கை தோன்றியபோது எழுந்த பிணக்கு பலருக்கு நினைவிருக்கும். தீர்ந்துபோன குறைகளைப் பற்றிய முறைப்பாடுகள் ஓயாது தமக்கு வருகின்றன என்பது ஆக்கியோரின் வாதம். எச்சரிக்கைக்காகப் பதிப்பை மாற்றும் வழக்கம் இல்லை என்பது வழங்கலின் நிலை. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. இடையிற் கிடந்த பயனருக்கு இரு தரப்பும் விடைகூறவில்லை.

தூய்மைவாதம் தன் வீட்டிலேயே தளர்ந்த கதையும் உண்டு. கட்டற்றவை அல்லாத பொதிகள் டெபியனின் பகுதியல்ல என்பது அதன் சமூக ஒப்பந்தத்தின் கூற்று. கம்பியில்லா இணைப்பு இயங்குவதற்கோ அத்தகைய பொதியே வேண்டியிருந்தது. ஆகவே பயனர்கள் ஆண்டுக்கணக்காக அப்பகுதியைத் தாமே பட்டியலிற் சேர்த்து, அதாவது கலந்து, வந்தனர். 2022இல் நடந்த வாக்கெடுப்பின் பின்னரே வன்பொருளுக்கான அத்தகைய பொதிகள் நிறுவல் வட்டிற் சேர்க்கப்பட்டன. 2023 யூனில் வெளிவந்த 12ஆம் வெளியீடு அவ்வாறே அமைந்தது. நேற்றுவரை கலப்பெனப்பட்டது இன்று மரபாயிற்று.

எனவே வினா கலக்கலாமா கூடாதா என்பதன்று. எவ்வகையில், யாருடைய பொறுப்பில் என்பதே. தமிழ் இலக்கண நூலார் பிறமொழிச் சொற்களை முற்றாக விலக்கவில்லை. தமிழின் எழுத்து மரபிற்கு இயைந்து வரவேண்டும் என்றே விதித்தனர். இவ்வாறான விதியொன்று டெபியனிலும் உண்டு. பக்போர்ட்ஸ் எனும் களஞ்சியம், 2010இல் டெபியனின் அதிகாரபூர்வ சேவையாக ஏற்கப்பட்டது, சோதனை நிலையிலுள்ள புதிய பதிப்பை எடுத்து நிலையான வெளியீட்டின் நூலகங்களைக் கொண்டே மீளத் தொகுத்து வழங்குகின்றது. வந்த சொல் வந்த மொழியின் உச்சரிப்பைப் பெற்றுவிடுகின்றது. அதன் பதிப்பெண்ணில் அலைக்குறி ஒன்று சேர்க்கப்படும். பதிப்பெண்களை ஒப்பிடும் முறையில் அலைக்குறி வெறுமையினும் கீழானது. ஆதலால் அடுத்த வெளியீட்டிற்குக் கணினி மாறும்போது அங்குள்ள இயல்பான பொதி உயர்ந்ததாகக் கணிக்கப்பட்டு, விருந்தாளி ஓசையின்றி விலகிக்கொள்கின்றார். இத்துணை நாகரிகமான கலப்பை ‘விகாரப் பிறவி’ என எவரும் இகழமாட்டார்.

பொதிகளுக்கு முன்னுரிமை எண் வழங்கும் ஏற்பாடும் இங்ஙனமே பொறுப்பை முன்வைப்பது. வழமையான களஞ்சியம் 500 என்ற எண்ணைப் பெறும்; பயனர் தமது தாய் வெளியீடு எனக் குறித்தது 990 பெறும்; பக்போர்ட்ஸ் 100; பரிசோதனைக் களஞ்சியம் வெறும் 1. 1000க்கு மேற்பட்ட எண் பழைய பதிப்பிற்குக்கூடத் திரும்பச் செய்யும். பூச்சியத்திற்குக் கீழ்ப்பட்டது நிறுவலைத் தடுக்கும். இங்கேதான் நிறுவனங்களின் களஞ்சியங்கள் செய்யும் சூழ்ச்சி, சூழ்ச்சியன்றேல் அசட்டை, புலனாகின்றது. அவையும் 500 என்ற எண்ணுடனேயே நுழைகின்றன. எண்கள் சமமாயின் உயர்ந்த பதிப்பெண் வெல்லும். ஒரு நிரலுக்காக அழைக்கப்பட்ட களஞ்சியம், அடிப்படை நூலகமொன்றை உயர்ந்த பதிப்பெண்ணுடன் வைத்திருப்பின், அந்நூலகமும் மறுகேள்வியின்றி மாற்றப்படும். எல்லாவற்றுக்கும் எதிர்ம எண்ணும், கேட்ட ஒன்றிற்கு மட்டும் உயர்ந்த எண்ணும் வழங்கி இதனைத் தடுக்க மூன்று வரிக் கோப்பொன்றிரண்டு போதும். களஞ்சியத்தையும் சாவியையும் தாமாகவே எழுதிவிடத் தெரிந்த நிறுவனங்களுக்கு அவ்வரிகளையும் எழுதிவிடத் தெரியாதா? அவற்றின் அறிவுறுத்தல்களில் இவ்வரிகள் காணப்படுவது அரிது. விதிவிலக்காக மொஸில்லா, 2024இல் பயர்பொக்ஸ் உலாவிக்கெனக் களஞ்சியம் திறந்தபோது, சாவியைக் களஞ்சியத்தோடு பிணைக்கும் முறையையும் முன்னுரிமை எண்ணை அமைக்கும் முறையையும் தன் அறிவுறுத்தலிலேயே சேர்த்தது. ஆனால் அது அமைக்கச் சொன்ன எண் 1000, தன் பொதிகள் எப்போதும் வெல்லும்பொருட்டு!

பிளற்பக், ஸ்னாப் முதலிய தன்னிறைவுப் பொதிகள் இச்சிக்கலை ஒழித்துவிட்டன என்பாரும் உளர். நூலகங்களைத் தம்முள்ளேயே சுமந்துவரும் பொதிக்கு மோதல் இல்லை, உண்மையே. ஆனால் ஒரே நூலகத்தின் பல பிரதிகள் ஒரே வட்டில் இடம்பிடிக்கின்றன. அவற்றுள் ஒன்று திருத்தப்படின் ஏனையவை திருத்தப்பட்டன என்பதற்கு உத்தரவாதமில்லை. சிறிய வட்டும் மெதுவான இணைப்பும் உடையோருக்கு இத்தீர்வு மலிவானதன்று.

டெபியன் ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்குமான குறிப்புகளில், மேம்படுத்தலுக்கு முன் டெபியனிலிருந்து வராத பொதிகளைக் கண்டறிந்து நீக்குமாறு கூறி, அவற்றைப் பட்டியலிடும் கட்டளையையும் தருகின்றது. அக்கட்டளையை இயக்கிப் பார்ப்போர் தாம் அறிந்து நிறுவிய இரண்டொன்றை மட்டும் காண எதிர்பார்ப்பர். திரையில் விரியும் பட்டியலில், தாம் கேட்டிராத பெயர்கள் எத்தனை, அவற்றை இட்டவர் யாவர் என்பதை எண்ணிப்பார்த்த பின்னர் கலப்பைப் பற்றிய அடுத்த உபதேசம் யாருக்குரியது என்பதைத் தீர்மானிக்கலாம்.